ரெண்டு ஆள் கனோ

ஜனவரி 4, ஞாயிறு

பனி. எட்டு மணி வரை எதிர் வரிசை குவார்ட்டர்ஸ் தெரியவில்லை. குழாயில் தண்ணீர் ஐஸ்.

டென்ட் வந்துவிட்டது. பின்பக்கம் பலா மரத்தடியில் கட்டிப் பார்த்தேன். பாசிப் பச்சை. மேலே தனியாக ஒரு மழைத் துணி. போன வருஷம் வாங்கினதற்கு அது இல்லை. "மழ பெஞ்சா நனைஞ்ச கோழியாட்டம் உக்காந்துகினு இருப்போம்க்கா" என்று புனிதா சொல்லி, அந்த வருஷம் அப்படியே போயிற்று. அதற்கு முந்தின வருஷம் லைஃப் ஜாக்கெட் சரியில்லை. இந்த வருஷம் சாக்கு எதுவும் பாக்கி இல்லை.

ஓஸ் பைப் பிடித்து டென்ட் மேல் தண்ணீர் அடித்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேல் எட்டி, செடிக்கா சிஸ்டர் என்றாள். ஆமாம் என்றேன். நாற்பத்தெட்டு வயசு நர்ஸ் ஒருத்தி படகு ஓட்டிக்கொண்டு போய் கரையில் படுக்கப் போகிறாள் என்று சொன்னால், மத்தியானத்துக்குள் பிளாக் பூராவும் என் தலையெழுத்தை அலசி முடித்துவிடும்.

கையில் இருப்பது: டென்ட். லைஃப் ஜாக்கெட் ரெண்டு. தண்ணி புகாத பை, எனக்கு மஞ்சள் (பு.வுக்கு இன்னும் கலர் பிடிபடவில்லை). தலையில் மாட்டும் லைட். நைலான் கயிறு. கயிறு இவர் வாங்கி வந்தது, நான் கேட்காமலே. நல்ல மனுஷன்.

ஜனவரி 5, திங்கள்

இன்று முதல் நைட். நானும் புனிதாவும் ஒரே வார்டு, வாரம் முழுக்க.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று இவர் சிரித்துக்கொண்டே கேட்டார். சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ரெண்டு வருஷம் முன்னால், நைட் முடிந்து வரும் பஸ். நிலக்கரி மைன்ஸிலிருந்து இறைக்கிற தண்ணீர் ரோட்டோர வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற தண்ணீர்தான். அன்றைக்கு அதில் ஒரு தெர்மாகோல் பெட்டி, அதன் மேல் ஒரு காக்கா. பறக்கவே இல்லை. மகாராணி மாதிரி உட்கார்ந்து பஸ்ஸோடு கூடவே வந்தது. நாங்கள் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் பு. போனில் எதையோ தேடப் போய் ஒரு வீடியோ வந்தது. ஏதோ குளிர் தேசம். ரெண்டு வயசான பொம்பளைகள், ஒல்லியாக நீளமாக ஒரு படகு, ஆளுக்கொரு துடுப்பு. நாள் பூரா போகிறார்கள். சாயங்காலம் கரையேறி டென்ட் கட்டி டீ வைத்துக் குடிக்கிறார்கள். அவ்வளவுதான். அந்தப் படகுக்குப் பேர் கனோ என்று அன்றுதான் தெரியும். இயர்போனில் ஆளுக்கு ஒரு காது.

"நாமளும் ஒரு நாளு யாருக்கும் டீ போடாம டீ குடிக்கணும்க்கா" என்றாள் பு.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைவிடப் பத்து வயசு சின்னவள். கூடப் பிறந்தவள் எனக்கு இல்லை. இருந்திருந்தால் இப்படித்தான் பேசியிருப்பாள் என்று நினைத்தேன்.

ஜனவரி 7, புதன்

நைட் முடிந்து நேராக மந்தாரக்குப்பம் காயலான் கடை. நீல பிளாஸ்டிக் ட்ரம், இறுக்கு மூடியோடு. வீடியோவில் எல்லாரும் அதில்தான் அரிசி பருப்பு போட்டுப் படகில் வைக்கிறார்கள். நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு தண்ணி பிடித்து வைக்கிற அதே ட்ரம். பெருமையாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

பு. மோந்து பார்த்தாள். ஆசிட் வைத்த ட்ரம்மாக இருக்கும், வேண்டாம் என்றாள். கடைக்காரர் மாங்காய் ஊறுகாய் வந்த ட்ரம் என்று சத்தியம் செய்தார். மாங்காய் வாசனைதான் அடித்தது. ஆனாலும் பு. மூஞ்சி திருப்தியாகவில்லை. வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் டென்டுக்குக் கீழே விரிக்க என்று இவர் கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறார். கன்வேயர் செக்‌ஷன் ஃபோர்மேன் வேறு என்ன தருவார். இந்த ஊரில் மிதியடி, வண்டி நிறுத்துகிற தரை, மாட்டுக் கொட்டகை எல்லாம் பழைய பெல்ட்தான். ஒரு முனையை நான் தூக்கிப் பார்த்தேன். அதைப் படகில் ஏற்றினால் நாங்கள் கரையில்தான் நிற்க வேண்டும். சொன்னேன். சிரித்தார். இவர் இந்த விஷயத்தில் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

ஜனவரி 8, வியாழன்

வெயில் வந்தது. பாயெல்லாம் காயப்போட்டேன்.

கிள்ளை ஏழுமலைக்குப் போன். பிச்சாவரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், உப்பங்கழி ஓரம் சொந்தத் தென்னந்தோப்பு. யாரோ விட்டுப் போன கனோ வைத்து வாடகைக்கு விடுகிறார். சுரபுன்னைக் காட்டுக்குள் ராத்திரி தங்க விடமாட்டார்கள், அவர் தோப்பில் தங்கலாம். ஒரே நிபந்தனை. "ரெண்டு ஆளா வாங்கம்மா. ஒத்தப் பொம்பளைக்குக் குடுக்கறதில்ல. முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் இருந்தாத்தான் அது நேராப் போவும்."

24 சனிக்கிழமை என்று சொல்லிவிட்டேன். தேதி! ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தேதி.

பஸ்ஸில் பு.விடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, துடுப்பு அவர் தருவாரா நாம் கொண்டு போகணுமா, நம்ம உயரத்துக்கு இருக்குமா என்று கேட்டாள். பயம் போலிருக்கிறது. பாவம்.

ஜனவரி 10, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காலையில் நைட் முடிந்து வந்தேன். பக்கத்து வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுவர் சுரண்டுகிறார்கள், பல்லில் கூசுகிறது சத்தம். தலையணையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் டென்டுக்குள் படுத்து ஜிப்பை மூடிவிட்டேன். நன்றாகத் தூங்கினேன். பேச்சுச் சத்தத்தில் விழிப்பு. துணி காய்கிற கொடிப் பக்கம், ரெண்டு பேர். ஒன்று இவர். இன்னொன்று பு. முறுக்கு கொண்டு வந்திருக்கிறாள், நான் ரூமில் தூங்குகிறேன் என்று இவர் சொல்கிறார்.

கூப்பிட வாயைத் திறந்தேன்.

"தேதி வரைக்கும் போயிட்டாளேம்மா. நீ பார்த்துக்கறேன்னு சொன்ன."

"நானும் எவ்ளோண்ணே கொற சொல்றது. ஜாக்கெட்டு சரியில்லன்னேன், வேற வாங்கிடுச்சி. டென்ட்டு சரியில்லன்னேன், அதுவும் வாங்கிடுச்சி. இப்ப ட்ரம்மு வேற."

"இன்னும் கொஞ்ச நாள் இழு. மாசி பொறந்து வெயில் வந்தா அவளே விட்டுடுவா. போன வருஷம் மாதிரி."

"டூட்டி மாத்தித் தரலன்னு சொல்லிடறேன்."

"அது போதும். நான் சொன்னா சண்டைதான். நீ சொன்னா கேப்பா."

பிறகு அவள் தன் தம்பியைப் பற்றிக் கேட்டாள். மைன்ஸ் கான்ட்ராக்டில் பேர் சேர்த்தாயிற்று, பொங்கல் கழித்து கேட் பாஸ் வந்துவிடும் என்று இவர் சொன்னார். "நீங்க இல்லன்னா அவன் ரோட்லதாண்ணே நின்னுகினு இருப்பான்" என்றாள்.

நான் உள்ளே மல்லாக்கப் படுத்திருந்தேன். பச்சை வெளிச்சம். ஜிப்பைத் திறந்தால் சத்தம் கேட்கும் என்று அசையாமல் கிடந்தேன். தப்பு செய்தவள் நான் மாதிரி. ஒண்ணுக்கு வேறு முட்டிக்கொண்டு வந்தது. அவள் போய், இவர் உள்ளே போய், டிவி சத்தம் வந்த பிறகுதான் வெளியே வந்தேன்.

முறுக்கு டைனிங் டேபிளில் இருந்தது. "புனிதா வந்துட்டுப் போச்சு, உன்ன எழுப்ப வேணாம்னு சொல்லிடுச்சு. நல்ல பொண்ணு" என்றார்.

ஜனவரி 11, ஞாயிறு

மேகம். சாம்பாரில் உப்பு போடவில்லை. வேண்டுமென்றேதான். இவர் ஒன்றும் சொல்லாமல் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டார். இந்த மனுஷன் எதையும் மூஞ்சிக்கு நேராகச் சொல்லமாட்டார் என்பதை நான் இத்தனை வருஷம் நல்ல குணம் என்று நினைத்திருக்கிறேன்.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். யார் பால் யார் பூனை என்றுதான் புரியவில்லை.

இவர் செய்ததுகூடப் பொறுக்கும். புருஷன், பயந்தவன், ஊர் என்ன சொல்லும் என்பவன். அவள் எப்படி. எது நிஜம் எது நடிப்பு என்று உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். காக்காவுக்குச் சிரித்தது நிஜம். டீ பற்றிச் சொன்னது நிஜமாக இருக்க வேண்டும். போன வருஷம் டென்டை ரெண்டு நாள் பார்த்துப் பார்த்துக் குறை சொன்னாளே, அது? என் மகள் வேலைக்கு வெளியூர் போய்விட்ட வாரம் என்னைத் தேற்ற அந்தப் படகு வீடியோவையே போட்டுக் காட்டினாளே, அது? அன்றைக்குத் தம்பி விஷயம் ஆரம்பித்திருந்ததா இல்லையா? இதை யாரிடம் கேட்பது.

சாயங்காலம் டென்டைப் பிரித்து மடித்தேன். ஒழுங்காக மடிக்க வரவில்லை. பைக்குள் திணித்தேன்.

ஜனவரி 12, திங்கள்

பகல் டியூட்டி. டெட்டால் வாசனையே எரிச்சல்.

பு. பதினோரு மணிக்கு வந்தாள். சொல்லி வைத்தபடி. "24 டூட்டி மாத்தித் தரமாட்டேன்றாங்கக்கா." மூஞ்சி அவ்வளவு வருத்தமாக. நான் இவளைத் தெரிந்து வைத்திருக்கிறேன் என்று நினைத்த மூஞ்சி.

சரி என்றேன். அவள் காத்திருந்தாள், நான் கெஞ்சுவேன் என்று. பிறகு நானே போனை நீட்டி, உன் பைக்குக் கலர் சொல்லு என்றேன். சோதனை மாதிரிதான் கேட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆரஞ்சா நீலமா. ஆரஞ்சு என்றால் தண்ணீரில் விழுந்தாலும் தூரத்திலிருந்து தெரியும், நீலம் அழுக்குத் தாங்கும். தோளில் மாட்ட ரெண்டு வார் இருக்கிறதா, ஒன்றா. கண்ணெல்லாம் மின்னுகிறது. போகவே போகாத பயணத்துக்குப் பை பார்க்கிறாள், அதிலும் நிஜமாகவே ஆசையாகப் பார்க்கிறாள்.

ஆரஞ்சு என்றாள் கடைசியில்.

ஜனவரி 14, புதன், போகி

விடியாத முன்னே ஊரெல்லாம் புகை, மேளச் சத்தம். தொண்டை கமறல்.

இவர் பழைய பாயை எரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, சனிக்கிழமை நான் டென்டுக்குள் இருந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் நெருப்பைக் கிளறினார். பிறகு, "நான் உன்னப் போக வேணாம்னு ஒரு வார்த்த சொன்னேனா வசந்தி?" என்றார்.

அதுதான். அதேதான். சொல்லவில்லை. கயிறு வாங்கிக் கொடுத்தார், பெல்ட் தூக்கி வந்தார், சிரித்தார். பின்னாலேயே ஆள் வைத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஜெயித்திருப்பேன் அல்லது தோற்றிருப்பேன். சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் ரெண்டு வருஷம் நான் பை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். குழந்தைக்கு நிலா காட்டிச் சோறு ஊட்டுகிற மாதிரி.

இதையெல்லாம் சொன்னேன்.

உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்றார். அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். நான் 24ஆம் தேதி போகிறேன், இப்போதாவது சொல்லுங்கள், வேண்டாமா என்று கேட்டேன்.

"உன் இஷ்டம்" என்றார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் பொங்கியது. கிழக்குப் பக்கமாக. நல்ல சகுனம் என்றார் இவர். மகள் வீடியோ காலில் வந்தாள், ரெண்டு பேரும் பல்லைக் காட்டினோம்.

கரும்பு சுமார்.

ஜனவரி 16, வெள்ளி

பு. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து, அவள் அம்மா வீட்டிலிருந்து, சர்க்கரைப் பொங்கல் தூக்கோடு வந்தாள். இவர் அவளைப் பார்த்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதிலேயே அவளுக்குப் புரிந்திருக்கும். சமையல்கட்டில் நின்றபடியே எல்லாம் நடந்தது.

நான் கேட்டேன், எப்போதிலிருந்து.

முதல் வருஷம் இல்லை என்றாள். முதல் வருஷம் ஜாக்கெட் நிஜமாகவே சரியில்லை. முதல் டென்ட் வாங்குவதற்கு முந்தின கார்த்திகையில்தான் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேசினார். அப்போது தம்பி வேலை இல்லாமல் வூட்டில் ரகளை, அம்மாவை அடிக்கக் கை ஓங்கினான். அண்ணனிடம் அவளேதான் தம்பிக்காகக் கேட்டாள். அவர் சரி என்றுவிட்டு, கூடவே இதையும் சொன்னார். "நான் இது செஞ்சா நீ அது செய்யின்னு அவரு கேக்கலக்கா. ஆனா எப்டி மாட்டேன்றது?"

என்னிடம் கேட்டிருந்தால் நானே தம்பிக்குச் சொல்லியிருப்பேனே என்றேன்.

"ஒன்கிட்ட கேக்கக் கூச்சமா இருந்திச்சி. ஒன்கிட்ட மட்டுந்தான் நான் எதுவும் கேக்காம இருந்தேன். அத கெடுத்துக்க மனசு வரல."

எதைக் கெடுக்கக் கூடாது என்று பார்த்தாளோ அதைக் கெடுத்துவிட்டாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன், தூக்கு மூடியில் ஈ. இப்போது நிஜமாகவே வருகிறேன், டியூட்டி மாற்றிக்கொள்கிறேன், நாளைக்கே என்றாள். கையைப் பிடித்தாள்.

அவள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். கஷ்டம் அதுதான். இனிமேல் அவள் எது சொன்னாலும் நான் முதலில் மூஞ்சியைப் பார்ப்பேன். முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவளின் முதுகுதான் எனக்குத் தெரியும்.

வேண்டாம் புனிதா என்றேன். தம்பியை ஒழுங்காக வேலைக்குப் போகச் சொல் என்றேன். அதைக் குத்திக் காட்டச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருப்பாள். பாதி அப்படித்தான்.

ஜனவரி 19, திங்கள்

வெயில். மேல் சுவரில் பல்லி முட்டை.

ஏழுமலைக்குப் போன். கூட வருகிறவள் வரவில்லை என்றேன். அப்படின்னா கஷ்டம்மா என்று இழுத்தார். நான் விடவில்லை. கடைசியில், என் வூட்டுக்காரியை முன்னாடி உட்கார வைக்கிறேன், ராத்திரியும் உங்களோடயே தோப்பில் படுத்துக்குவா, செல்வி ஒண்ணும் சொல்லமாட்டா என்றார்.

பு. வார்டில் எதிரே வந்தாள். ஊசி ஸ்டாக் பற்றிப் பேசினோம்.

ஜனவரி 23, வெள்ளி

மூட்டை கட்டினேன். ட்ரம்மில் அரிசி, பருப்பு, தீப்பெட்டி, டீத்தூள், ஸ்டவ். மாங்காய் வாசனை இன்னும் போகவில்லை. மஞ்சள் பையில் துணி. இவர் கம்பூட்ஸ் எடுத்து வைத்திருந்தார், மைன்ஸ் கொடுத்தது, சேற்றுக்கு நல்லது என்று. கவிழ்ந்தால் அதில் தண்ணீர் ரொம்பி ஆளை உள்ளே இழுக்கும் என்று எடுத்துத் திருப்பி வைத்தேன். என்னைப் பார்த்தார். தெரிந்து கொடுத்தாரா, தெரியாமலா என்று ஒரு நொடி ஓடியது மனசில். சே. இப்படியும் நினைக்க வைத்துவிட்டார்களே என்னை.

சேறு என்றால் கம்பூட்ஸ். இந்த ஊர்க்காரருக்கு அவ்வளவுதான் தெரியும். தெரியாமல்தான்.

ஜனவரி 24, சனி, கிள்ளை

காலையில் காற்று இல்லை. தண்ணீர் அசையாமல்.

இவர் வடலூர் வரை பைக்கில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, தண்ணி பாட்டில் இருக்கா என்றார்.

செல்வி முப்பது வயசிருக்கும். ரெட்டை நாடி உடம்பு, நைட்டி மேல் துண்டு. லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்துச் சிரித்தாள், போடமாட்டேன் என்றாள், போட வைத்தேன். அவள் முன்னால், நான் பின்னால். முதல் அரை மணி நேரம் வட்டம்தான் போட்டோம். பின்னால் இருப்பவர்தான் திருப்ப வேண்டும் என்று ரெண்டு வருஷமாக வீடியோ பார்த்தவளுக்குக் கைக்கு வரவில்லை. அப்புறம் வந்தது. ரெண்டு கரையிலும் சுரபுன்னை. மீன் துள்ளுகிற சத்தம் தவிர வேறில்லை. ஒரு இடத்தில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். சந்தோஷமாக இருந்தது. எழுதத்தான் வேண்டும், சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே பு. இதைப் பார்க்கவில்லையே என்றும் இருந்தது, அதற்காக அவள் மேல் திரும்பவும் கோபம்.

கை ரெண்டும் கொப்புளம்.

நாலு மணிக்குத் தோப்புக்குத் திரும்பி டென்ட் கட்டினேன். செல்வி ஆணி அடித்தாள். இவளும் நானும் இதற்குள் எப்படிப் படுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"ராத்திரி நான் தங்கலக்கா. அந்தாளு எங்கிட்ட கேக்காமயே ஒங்களுக்குச் சொல்லிட்டாரு. புள்ளைங்க வூட்ல இருக்கு. எனக்கு இஷ்டமில்ல."

கண்ணைப் பார்த்துச் சொன்னாள். சாக்கு இல்லை, இழுப்பு இல்லை. கோபித்துக்கொள்வேனோ என்று ஒரு கணம் பார்த்தாள், அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை. அவள் பயந்துபோய், வேணும்னா இருக்கேன்க்கா என்றாள். இல்லை, நீ போ, நீ சொன்னதே போதும் என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. குரல் கொடுத்தால் கேட்கிற தூரம்தான், விடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். தென்னை மரங்களுக்கு நடுவே அந்த ஆரஞ்சு ஜாக்கெட் இன்னும் தெரிகிறது. கழற்ற மறந்துவிட்டாள்.

போன் அடிக்கிறது. இவர். எடுக்கப் போகிறேன். தனியாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லப் போகிறேன்.